நாலு கம்பிக்கு ஏன் இவ்வளவு விலை? குறைந்த பட்ஜெட்டில் பேஸ் கிடார்

"மாமா, ஆறு கம்பி இருக்கற கிடார் எட்டாயிரம். நாலு கம்பி இருக்கறது பதினெட்டாயிரம். ரெண்டு கம்பியைக் குறைச்சுட்டு பத்தாயிரம் ஏத்தறாங்களே, இது என்ன கணக்கு?" அக்கா பையன் கேட்டான். கல்லூரி இசைக்குழுவில் பேஸ் வாசிக்க ஆள் இல்லையாம், இவன் கையைத் தூக்கிவிட்டான். அக்கா சீட்டு எடுத்த காசில் 25,000 ரூபாய் ஒதுக்கித் தந்தாள். அவள் கேள்வி வேறு: "பாட்டுல தனியா காதுலயே விழாத வாத்தியத்துக்கு எதுக்குடா இவ்வளவு?"

ரெண்டுமே நியாயமான கேள்விகள். நான் இசைக்கலைஞன் இல்லை. பகலில் சாஃப்ட்வேர் வேலை, ராத்திரியில் இந்த மாதிரி எதையாவது தோண்டிக்கொண்டிருப்பேன். ரெண்டு மாதம் படித்தது, நாலைந்து கடை ஏறி இறங்கியது, செகண்ட் ஹேண்ட் விற்பவர்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் பையனின் கேள்வி. பேஸ் கிடாரின் நாலு கம்பிகளும் சாதாரண கிடாரின் தடிமனான நாலு கம்பிகளுக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கின்றன. ஈ கம்பி 41.2 ஹெர்ட்ஸ், ஏ 55, டி 73.4, ஜி 98. ஒரு கம்பி மெதுவாக அதிர வேண்டுமென்றால் மூன்றே வழிதான்: நீளத்தைக் கூட்டலாம், எடையைக் கூட்டலாம், இழுவிசையைக் குறைக்கலாம். இழுவிசையை ரொம்பக் குறைத்தால் கம்பி கொடியில் காயும் துணி மாதிரி தொளதொள என்று ஆகிவிடும். ஆகவே நீளத்திலும் எடையிலும்தான் கை வைக்க வேண்டும். சாதாரண எலெக்ட்ரிக் கிடாரில் கம்பியின் அதிரும் நீளம் 648 மி.மீ. அளவில் இருக்கும். பேஸில் வழக்கமான அளவு 34 அங்குலம், அதாவது 864 மி.மீ. கம்பியும் தடி. ஆறு கம்பி கிடாரில் எல்லாக் கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 45 கிலோ என்றால், பேஸில் நாலே கம்பி 75 கிலோ வாக்கில் இழுக்கிறது. ஒரு வளர்ந்த ஆள் நெக்கின் நுனியில் ராத்திரி பகலாகத் தொங்கிக்கொண்டே இருப்பது போல. அதைத் தாங்க நீளமான, வளையாத நெக் வேண்டும். உள்ளே வலுவான இரும்புக் கம்பி வேண்டும். கம்பி முறுக்கும் சாவிகள் பெரிதாக இருக்க வேண்டும். காசு கம்பியின் எண்ணிக்கைக்கு இல்லை, அந்த 75 கிலோவுக்கு.

இதிலிருந்தே நான் பிடித்துக்கொண்ட ஒரே விதி வருகிறது. எங்கள் தொழிலில் டேட்டாபேஸ் அமைப்பைத் தப்பாகப் போட்டுவிட்டால் பிற்பாடு மாற்ற ரத்தம் கக்க வேண்டும், திரையில் பொத்தானின் நிறத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பேஸிலும் அப்படித்தான். பிக்கப் மாற்றலாம், கம்பி மாற்றலாம், சாவி மாற்றலாம், வால்யூம் திருகாணி மாற்றலாம். நெக் கோணலாக இருந்தால் மாற்ற முடியாது. முடியும், ஆனால் அந்தக் காசுக்கு இன்னொரு கிடாரே வாங்கிவிடலாம். பட்ஜெட் சின்னதாக இருக்கும்போது பிறகு மாற்ற முடியாத பாகத்துக்குத்தான் பணம் போக வேண்டும். கடையில் மினுமினுப்பவை எல்லாம் பெரும்பாலும் மாற்றக்கூடிய பாகங்கள்.

நெக்கைப் பார்ப்பது எப்படி? கண்தான் முதல் கருவி. பாடியின் அடிப்பக்கத்தைத் தோளில் வைத்து, துப்பாக்கிக்குக் குறி பார்ப்பது போல பிரிட்ஜ் பக்கமிருந்து ஹெட்ஸ்டாக் நோக்கிப் பாருங்கள். ரெண்டு ஓரங்களும் நேர்கோடாகத் தெரிய வேண்டும். லேசான, சீரான குழிவு இருந்தால் பயமில்லை, அது இருக்கத்தான் வேண்டும். ஒரு ஓரம் ஒரு மாதிரியும் இன்னொரு ஓரம் வேறு மாதிரியும் போனால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். நெக்கினுள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி முன்னும் பின்னும் வளைவதைச் சரிசெய்யும், முறுக்கத்தை ஒன்றும் செய்யாது.

குழிவை அளக்க ஒரு விசிட்டிங் கார்டு போதும். ஈ கம்பியை ஒரு கையால் முதல் ஃப்ரெட்டில் அழுத்துங்கள், இன்னொரு கையால் நெக் பாடியோடு சேரும் இடத்தில் அழுத்துங்கள். இப்போது கம்பியே ஒரு நேர்கோட்டு அளவுகோல் ஆகிவிட்டது. ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கத்தில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 0.3 மி.மீ. இடைவெளி இருந்தால் அருமை. விசிட்டிங் கார்டு ஏறக்குறைய அந்தத் தடிமன்தான். பிடிக்க இரண்டு கை போதாது, கூட ஒரு ஆளைக் கூட்டிப்போங்கள். கார்டு சும்மா ஆடினால் குழிவு அதிகம். நுழையவே நுழையாமல் கம்பி ஃப்ரெட்டில் ஒட்டிக்கொண்டிருந்தால் நெக் நேராக இருக்கிறது, அல்லது பின்பக்கம் வளைந்திருக்கிறது. இரண்டையும் ட்ரஸ் ராட் திருகாணியால் சரிசெய்ய முடியும், அந்தத் திருகாணி இன்னும் திரும்புகிற நிலையில் இருந்தால். பழைய கிடார்களில் இதுதான் ஒளிந்திருக்கும் வியாதி. முழுக்க முறுக்கி இறுக்கியாகிவிட்டது, அதற்குப் பிறகும் நெக் குழிவாகவே இருக்கிறது. விற்பவரிடம் "ட்ரஸ் ராடை ஒரு தடவை திருகிக் காட்டுங்க" என்று கேட்பதில் தப்பே இல்லை. ஒருவர் கோபித்துக்கொண்டார். அந்தக் கோபமே எனக்குப் பதிலாகப் போதும் என்று கிளம்பிவிட்டேன்.

அடுத்து, ஆம்ப்ளிஃபயரில் சொருகாமலே வாசிக்கச் சொல்லுங்கள். இதற்குக் கடைக்காரர்கள் லேசில் ஒத்துக்கொள்வதில்லை. நாம் உள்ளே நுழைந்ததும் பெரிய ஆம்ப்பில் சொருகி, கட்டைவிரலால் படபடவென்று தட்டி ஒரு வித்தை காட்டுவார்கள். அந்த ஆம்ப்பில் பழைய ஊஞ்சல் சங்கிலியைச் சொருகினாலும் நன்றாகத்தான் கேட்கும். சொருகாமல் வாசித்தால்தான் கம்பி ஃப்ரெட்டில் உரசும் சத்தம் தெரியும். நாலு கம்பியிலும், ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒரு ஸ்வரம், மெதுவாக. பத்து நிமிஷம் ஆகும். ஏதாவது ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் 'ட்ஸ்ஸ்' என்று வந்தால் அடுத்த ஃப்ரெட் தூக்கிக்கொண்டிருக்கிறது. ஒன்றிரண்டு என்றால் டெக்னீஷியன் தேய்த்துச் சரிசெய்துவிடுவார், பாதி நெக்கில் இருந்தால் வேண்டாம். நெக்கின் ஓரத்தில் உள்ளங்கையை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். ஃப்ரெட் நுனிகள் ரம்பப் பல் மாதிரி குத்தினால் மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது. அரத்தால் சரிசெய்யக் கூடியதுதான், ஆனால் பேரம் பேச ஒரு காரணம்.

இங்கே எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று. ஜி கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டிலிருந்து ஒன்பதாவது வரை ஒவ்வொரு ஸ்வரத்தையும் ஒரே அழுத்தத்தில் தட்டி, அது எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணுங்கள். ஏதாவது ஒரு இடத்தில், பெரும்பாலும் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவே, ஸ்வரம் மற்றதைவிடச் சீக்கிரம் செத்துப்போகும். டெட் ஸ்பாட் என்பார்கள். ரொம்ப நாள் இது தரக்குறைவான தயாரிப்பின் அடையாளம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நெக்குக்கும் ஒரு சொந்த அதிர்வெண் உண்டு. கம்பியின் அதிர்வெண் அதோடு ஒத்துப்போகும் இடத்தில், கம்பியின் சக்தியை நெக் உறிஞ்சிக்கொண்டு தான் ஆட ஆரம்பிக்கிறது. 1990-களின் கடைசியில் ஹெல்முட் ஃப்ளைஷர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் எலெக்ட்ரிக் கிடார், பேஸ்களின் நெக்கை அளந்து இதைக் காட்டியிருக்கிறார். விலை உயர்ந்த பேஸிலும் டெட் ஸ்பாட் இருக்கும். நாம் பார்க்க வேண்டியது அது இருக்கிறதா என்று அல்ல, எவ்வளவு மோசம் என்று. பக்கத்து ஸ்வரம் ஆறு நொடி நின்று இது நாலு நொடி நின்றால் பரவாயில்லை. ஒரே நொடியில் 'டொக்' என்று அணைந்தால் யோசிக்கணும். ஹெட்ஸ்டாக்கில் ஒரு சின்ன கிளாம்ப்பை மாட்டிப் பாருங்கள். எடை கூடியதும் நெக்கின் அதிர்வெண் இறங்கி, டெட் ஸ்பாட் வேறு இடத்துக்கு நகர்ந்துவிடும். பள்ளிக்கூட இயற்பியல் கையில் ஆடுவதைப் பார்க்க ஒரு தனி சந்தோஷம்.

சுருதி சேர்வதைப் பார்க்க போனில் ஒரு ட்யூனர் செயலி போதும். திறந்த கம்பியைச் சரியாகச் சேர்த்துவிட்டு, பன்னிரண்டாவது ஃப்ரெட்டை அழுத்தி வாசியுங்கள். அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே துல்லியமாக வர வேண்டும். ஏறியோ இறங்கியோ இருந்தால் பிரிட்ஜில் கம்பி உட்காரும் சின்ன குதிரையை முன்பின் நகர்த்திச் சரிசெய்யலாம். ஏறி ஒலித்தால் குதிரை பின்னே போக வேண்டும். ஏற்கெனவே கடைசிவரை பின்னே போய் முட்டிக்கொண்டு நிற்கிறது, இன்னும் ஏறியே ஒலிக்கிறது என்றால் கம்பி ரொம்பப் பழசாக இருக்கலாம், அல்லது பிரிட்ஜைத் தப்பான இடத்தில் அடித்துவிட்டார்கள். முதலாவதா இரண்டாவதா என்று கடையிலேயே தெரியாது. வேறு ஒன்றைப் பாருங்கள்.

கம்பியின் உயரம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஈ கம்பிக்குக் கீழே இரண்டு முதல் இரண்டரை மி.மீ. இருந்தால் விரலுக்குச் சுகம். கடையில் தொங்குவதில் பலதும் நாலு மி.மீ. உயரத்தில் இருக்கும், புதிதாக வாசிப்பவனுக்கு ரெண்டே நாளில் வெறுத்துப்போகும். ஆனால் இது ஒரு சின்ன சாவியால் திருகிச் சரிசெய்வது.

மரம். இதை ஒரே பத்தியில் முடித்துவிடுகிறேன், விற்பவர்கள் இதைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார்கள். மஹாகனி, ஆல்டர், பாப்லர் என்று பெயர்கள். எலெக்ட்ரிக் வாத்தியத்தில் பிக்கப் கேட்பது காந்தப்புலத்துக்குள் எஃகுக் கம்பி ஆடுவதை, பாடியின் காற்றை அல்ல. ஜிம் லில் என்ற அமெரிக்க கிடார் கலைஞர் யூடியூபில் ஒரு சோதனை செய்திருக்கிறார்: பாடியே இல்லாமல், நெக்கே இல்லாமல், இரண்டு மேடைகளுக்கு நடுவே கம்பியைக் கட்டி, அதே பிக்கப்பை அதே தூரத்தில் வைத்து வாசிக்கிறார். நல்ல கிடாருக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். அது ஆறு கம்பி கிடார்தான், பேஸ் அல்ல. இருந்தாலும் பாடி மரத்துக்காக இந்த பட்ஜெட்டில் ஒரு ரூபாய் கூட அதிகம் கொடுக்க எனக்கு மனசில்லை. மரத்தின் எடை மட்டும் முக்கியம். பட்டையை மாட்டி, எழுந்து நின்று, கையை எடுத்துவிடுங்கள். ஹெட்ஸ்டாக் தரையை நோக்கிச் சரிந்தால் வாழ்நாள் முழுக்க இடது கையால் அதைத் தாங்கிக்கொண்டேதான் வாசிக்க வேண்டும்.

பிக்கப்பில் இரண்டு குடும்பங்கள் தெரிந்தால் போதும். லியோ ஃபெண்டர் 1951-ல் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ், அதே நிறுவனம் 1960-ல் கொண்டுவந்த ஜாஸ் பேஸ். அதுவரை பேஸ் என்றால் ஆள் உயரத்துக்கு நிற்கும், ஃப்ரெட் இல்லாத பெரிய வாத்தியம்தான். ஃப்ரெட் இருப்பதால் சுருதி துல்லியமாக விழும், அதனால்தான் பிரிசிஷன் என்ற பெயரே. 1957-லிருந்து அதன் பிக்கப் இரண்டு துண்டாக உடைந்து, ஒன்று முன்னே ஒன்று பின்னே என்று வந்தது. இரண்டு துண்டிலும் காந்தத்தின் திசையும் செம்புக் கம்பி சுற்றிய திசையும் எதிரெதிர். கம்பியின் ஒலி சேர்ந்துகொள்ளும், வெளியிலிருந்து வரும் மின்சார இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஜாஸ் பேஸில் இரண்டு ஒற்றைச் சுருள் பிக்கப்கள். இரண்டையும் ஒரே அளவில் திறந்து வைத்தால் இரைச்சல் அடங்கும், ஒன்றைக் குறைத்தால் 'ம்ம்ம்' என்று ஆரம்பிக்கும்.

நம் ஊரில் இது வெறும் ரசனை விஷயம் இல்லை. பாதி வீடுகளில் எர்த் சரியாக இருக்காது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட், ஜி ஸ்வரம், 49 ஹெர்ட்ஸ். இரைச்சலும் ஸ்வரமும் ஒன்றுக்கொன்று ஒரே ஒரு ஹெர்ட்ஸ் தள்ளி நிற்பதால் 'வாவ்... வாவ்...' என்று ஏறி இறங்கும். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், அது வேறு இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில் போய் விழுகிறது. அங்கிருந்து வரும் விமர்சன வீடியோக்களில் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். சோதிக்கும் முறை எளிது: வால்யூமை ஏற்றி, கம்பியைத் தொடாமல் கேளுங்கள், பிறகு தொடுங்கள். தொட்டதும் இரைச்சல் குறைந்தால் உள்ளே எர்த் ஒயர் சரியாக இருக்கிறது. தொட்டதும் கூடினால் எங்கோ ஒயர் விட்டுப்போயிருக்கிறது. சால்டரிங் தெரிந்த யாரும் நூறு ரூபாயில் முடித்துவிடுவார்கள், விலையில் ஆயிரம் குறைக்கச் சொல்லலாம்.

ஒரு பிரிசிஷன் பிக்கப், ஒரு ஜாஸ் பிக்கப் என்று கலந்து வருவதை பிஜே என்கிறார்கள். முதல் பேஸுக்கு என் ஓட்டு அதற்குத்தான். யமஹா டிஆர்பிஎக்ஸ் 174, ஸ்குவையர் அஃபினிட்டியின் பிஜே வகை, ஐபனேஸ் ஜிஎஸ்ஆர் 200 எல்லாம் இந்த ஜாதி. ஸ்குவையர் ஃபெண்டரின் சொந்த மலிவு விலைப் பெயர்தான், 1982-லிருந்து. இதில் ஐபனேஸில் ஒன்பது வோல்ட் பேட்டரி உண்டு. பேட்டரி வைத்த ஆக்டிவ் பேஸ் வாங்குவதாக இருந்தால், வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கி வைக்கப் பழகுங்கள். சொருகியிருக்கும் வரை பேட்டரி ஓடிக்கொண்டே இருக்கும். மற்ற இரண்டும் பேட்டரி இல்லாதவை, ஒன்று குறைவாக இருந்தால் ஒன்று குறைவாகக் கெடும். அஞ்சு கம்பி வேண்டுமா என்றால், இந்த பட்ஜெட்டில் வேண்டாம். அந்த ஐந்தாவது கம்பி 31 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் ஒலிப்பது. அதைத் தெளிவாகக் கேட்க வைக்க மலிவான நெக்கும் திணறும், மலிவான ஸ்பீக்கரும் திணறும்.

கை சின்னதாக இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒவ்வொரு ஃப்ரெட்டும் முந்தையதைவிட இரண்டின் பன்னிரண்டாம் மூலம் என்ற விகிதத்தில் சுருங்கிக்கொண்டே போகிறது. 34 அங்குல பேஸில் முதல் ஃப்ரெட்டிலிருந்து நாலாவது வரை 13 செ.மீ. 30 அங்குல ஷார்ட் ஸ்கேலில் 11.4 செ.மீ. சாதாரண கிடாரில் 9.7. ஆனால் அதே 34 அங்குல பேஸில் ஐந்திலிருந்து எட்டு வரை 10.3 செ.மீ.தான். ஆகவே பிள்ளைகள் முதல் மாதம் ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு மேலே பழகினால் கை தானாக விரியும். பத்துப் பன்னிரண்டு வயசு, அல்லது மணிக்கட்டில் ஏற்கெனவே வலி என்றால் ஷார்ட் ஸ்கேலே வாங்குங்கள். ஸ்குவையர் பிராங்கோ 30 அங்குலம், ஐபனேஸ் மைக்ரோ 28.6. நீளம் குறைந்தால் அதே கம்பியை அதே சுருதியில் வைக்கத் தேவையான இழுவிசை நீளத்தின் வர்க்கத்தில் குறையும். 34-லிருந்து 30-க்கு வந்தால் 22 சதவீதம் குறைவு, விரலுக்கு அவ்வளவு லேசு. ஒலி கொஞ்சம் குண்டாக, கூர்மை மழுங்கி இருக்கும்.

மழுங்கிய ஒலி என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டியதில்லை. 1961-ல் ஹாம்பர்க் நகரில் பால் மெக்கார்ட்னி வாங்கிய வயலின் வடிவ ஹாஃப்னர் ஷார்ட் ஸ்கேல்தான். ஃபெண்டர் 100 பவுண்ட் அளவில் இருந்தது, தன்னால் முடியவில்லை, இது 30 பவுண்டுக்குக் கிடைத்தது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பீட்டில்ஸின் ஆரம்ப காலப் பாட்டுகளில் கேட்கும் பேஸ் அந்த 30 பவுண்டுதான். 1972-ல் திருடு போனது திரும்பக் கிடைத்துவிட்டதாக 2024-ல் அறிவித்தது தனிக் கதை.

இப்போது அக்காவின் கேள்விக்கு வருகிறேன். காதில் தனியாக விழவில்லை என்பது உண்மை, அதற்குப் பாதிக் காரணம் அவள் பாட்டுக் கேட்பது போனில். அந்த ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதுவும் வராது. 41 ஹெர்ட்ஸ் ஈ கம்பி அதில் எப்படிக் கேட்கிறது? கம்பி 41-ல் மட்டும் அதிர்வதில்லை. 82, 124, 165, 206 என்று மடங்குகளிலும் சேர்ந்தே அதிர்கிறது. போன் மேல் மடங்குகளை மட்டும் தருகிறது. அவற்றுக்கு நடுவே உள்ள சீரான 41 இடைவெளியை வைத்து, அடியில் 41 இருக்க வேண்டும் என்று மூளை ஊகித்துக்கொள்கிறது. வராத ஸ்வரத்தை நாம் கேட்கிறோம். அவளை உட்காரவைத்து, காதை முழுக்க மூடும் ஹெட்போனை மாட்டி, எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஒன்றைப் போட்டேன். ஒரு நிமிஷம் கழித்து, "அடியில இன்னொரு பாட்டு ஓடுதே" என்றாள். அதுக்குத்தான் அக்கா காசு.

இதன் நடைமுறைப் பாடம்: போன் வீடியோவில் கேட்டு பேஸை முடிவு செய்யாதீர்கள், விற்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஆடியோவை நம்பாதீர்கள். வீட்டில் பழக என்ன வேண்டும் என்பதையும் பட்ஜெட்டுக்குள்ளேயே வைத்துக் கணக்குப் போடுங்கள். பேட்டரி இல்லாத பேஸின் பிக்கப்புக்கு ஒரு மெகாஓம் அளவு உள்ளீட்டு மின்தடை உள்ள கருவி தேவை. லேப்டாப்பின் மைக் துளையில் நேராகச் சொருகினால் அந்தத் தடை மிகக் குறைவு, மேல் ஸ்வரங்கள் எல்லாம் செத்து, போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போல இருக்கும். கிடார் மோசம் என்று நினைத்துவிடுவீர்கள். கிடாருக்கென்று தனித் துளை உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸோ, ஹெட்போன் ஆம்ப்போ வாங்குங்கள். அபார்ட்மெண்ட் வாழ்க்கைக்கு அதுதான் சரி. கீழ் ஸ்வரங்கள் சுவரைத் தாண்டும், கீழ்வீட்டுக்காரர் மேலே வருவார். நண்பனின் சாதாரண கிடார் ஆம்ப்பில் சொருகலாமா என்றால், மெதுவான சத்தத்தில் சரி. ஏற்றினால் ஸ்பீக்கர் காகிதம் தன் எல்லையைத் தாண்டி ஆடிக் கிழியும்.

புதுசா பழசா? ஒரு கடையில் பேஸ், குட்டி ஆம்ப், பை, பட்டை எல்லாம் சேர்த்து 15,000 என்று ஒரு செட் காட்டினார்கள். பையன் கண்ணில் மின்னல். நெக்கைப் பார்த்தேன், முறுக்கு இல்லை, ஆனால் ஏழு ஃப்ரெட் உரசியது, ஆம்ப்பில் ஏ கம்பியே திணறியது. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் காசைப் பிரித்துப் போட்டால் எதிலும் போதிய காசு இருக்காது. வேண்டாம் என்று சொல்லி வெளியே வந்தபோது அவன் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. மூன்று வாரம் தேடிய பிறகு, வெளிநாடு கிளம்பிக்கொண்டிருந்த ஒரு பையனிடம், நாலு வருஷப் பழசு பிஜே பேஸ் ஒன்று 14,000-க்குக் கிடைத்தது. பாடியில் பெல்ட் பக்கிள் கீறல், ஒரு திருகாணி மூடி காணோம், பிரிட்ஜில் கடல்காற்றுத் துரு. நெக் நூல் பிடித்த மாதிரி இருந்தது, ட்ரஸ் ராட் இரண்டு பக்கமும் திரும்பியது, டெட் ஸ்பாட் ஆறாவது ஃப்ரெட்டில், தாங்கக்கூடிய அளவு.

மீதிக் கணக்கு: டெக்னீஷியனிடம் செட்டப் 1,500. புதுக் கம்பி 2,000. அகலமான பட்டை 800, கேபிள் 700. ஹெட்போன் ஆம்ப் 5,000. ஆக 24,000. இதில் பலர் விட்டுவிடுவது அந்த 1,500-ஐத்தான். நாற்பதாயிரம் ரூபாய் பேஸைக் கடையிலிருந்து அப்படியே கொண்டுவந்து வாசிப்பதைவிட, 14,000 ரூபாய் பேஸைச் செட்டப் செய்து வாசிப்பது விரலுக்கு நல்லது. இது என் கருத்து, கடைக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பழைய பேஸ் என்றால் விற்கும்போதும் அதிகம் நஷ்டம் வராது. பையன் ஆறு மாதத்தில் விட்டுவிட்டால் 12,000-க்காவது போகும் என்பதைத்தான் அக்காவிடம் முதலில் சொன்னேன். அவளுக்கு அந்த ஒரு வரிதான் முழுக் கட்டுரை.

கம்பியைப் பற்றிக் கடைசியாக. பளிச்சென்ற ஒலி வேண்டுமென்று சிலர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள். மோட்டௌன் பாடல்களில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 பிரிசிஷனில் தட்டைக் கம்பிகளைப் போட்டு, அறுந்தால் ஒழிய மாற்றவே மாட்டார் என்பார்கள். வட்டச் சுற்றுக் கம்பி மங்கிப்போனால் கழற்றிப் பத்து நிமிஷம் கொதிநீரில் போட்டு, நன்றாகத் துடைத்துக் காயவைத்து மாட்டலாம். சுற்றுக்குள் படிந்த எண்ணெயும் அழுக்கும் போய்க் கொஞ்ச நாளைக்குப் பழைய பளிச்சு திரும்பும். ஒரே சமயத்தில் நாலையும் கழற்றாமல் ஒவ்வொன்றாகச் செய்யுங்கள், நெக்குக்கு அந்த 75 கிலோ திடீரென்று காணாமல் போக வேண்டாம். சென்னையில் இருப்பவர்கள் வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் பைக்குள் வைக்கவும். அக்டோபரில் மழை பிடித்ததும் ஒரு தடவை, ஏப்ரலில் வெயில் ஏறியதும் ஒரு தடவை அதே விசிட்டிங் கார்டை நுழைத்துப் பாருங்கள். இடைவெளி மாறியிருந்தால் ட்ரஸ் ராடைக் கால் சுற்று. அன்றைக்கு அதற்கு மேல் வேண்டாம், மறுநாள் மறுபடி பாருங்கள்.